சிறிய எஸ்.யூ.வி. ஒன்றை லீசிங்கில் எடுப்பதா, காசுக்கு வாங்குவதா: திருகோணமலையிலிருந்து தெரிவு செய்யும் ஒழுங்கு

வாகனம் பார்க்கப் போகும்போது துணைக்கு வரும்படி உறவினரும் அயலவரும் கேட்பதனால், கொழும்பிலும் குருநாகலிலும் உள்ள கார் சேல்களில் பல சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மாதிரியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப வரவு செலவை வளைக்கிறார்கள். மாதிரியைத் தெரிவு செய்வது உண்மையில் ஐந்தாவது படி. அதற்கு முந்திய நான்கையும் ஒழுங்காகச் செய்தால், தெரிவு தானாகவே இரண்டு வாகனங்களுக்குள் ஒடுங்கிவிடும்.

1. புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, வரி அடையாள எண்ணாகிய டின் இலக்கம், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரம், அண்மைய ஆறு மாத வங்கிக் கூற்றுகள், சம்பளச் சீட்டு அல்லது வியாபாரப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் வையுங்கள். லீசிங் எடுப்பதாயின் பிணையாளர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய பத்திரங்களின் பிரதிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாகனம் பிடித்துப்போன பிறகு பிணையாளரைத் தேடுபவர், முதலில் சம்மதிக்கும் கம்பனியின் நிபந்தனைகளையே ஏற்க நேரிடும்.

கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, அதாவது எல்லோரும் கிரிப் என்று சொல்வதை, நீங்களே எடுத்துப் பாருங்கள். எப்போதோ ஒரு கடனட்டையில் கட்டாமல் விட்ட சிறு தொகைகூட அதில் நிலுவையாகத் தெரியக்கூடும். அது தெரிந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே தீர்த்துவிடலாம்.

நான்காவதாக, ஆள் ஒருவர் தேவை: பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் வாகனத்தை ஸ்கேனர் போட்டுப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக். பழைய டீசல் வாகனங்களில் கைதேர்ந்தவர் எல்லோரும் இதிலும் தேர்ந்தவர் என்று எண்ண வேண்டாம். நகரில் எந்தக் கராஜில் அந்த வசதி இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். பிறகு வாகனத்தைப் பராமரிக்கப் போவதும் அவர்தான்.

2. ஓடப் போகும் பாதையை எழுதுங்கள்

ஒரு தாளில் சாதாரண மாதம் ஒன்றின் ஓட்டத்தை எழுதுங்கள்: பாடசாலைக்கும் சந்தைக்கும் எத்தனை முறை, கந்தளாய் வழியாக ஏ6 வீதியில் கொழும்புக்கு எத்தனை முறை, மூதூர் வழியாக மட்டக்களப்புக்கு எத்தனை முறை. கொழும்புக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மாதம் இரண்டு முறை போய் வருபவருக்கும், உவர்மலையிலிருந்து என்.சி. வீதிக்கு இறங்கி ஏறுவதே ஓட்டமாக உள்ளவருக்கும் ஒரே வாகனம் பொருந்தாது.

ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். எப்போதாவது வரும் ஏழு பேரைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அன்றைக்கு வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் ஏறும் அம்மாவின் முழங்கால் வலியைக் கட்டாயம் எழுதுங்கள். இருக்கையின் உயரம் இந்த வகை வாகனத்தை வாங்குவதற்கு நல்ல காரணம். நாற்சக்கர இயக்கம் பெரும்பாலும் காரணமே அல்ல. நிலாவெளிக் கடற்கரை மணலில் இறக்கி ஓட்டுவதற்காக நாற்சக்கர இயக்கம் வேண்டும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வார நாட்களில் அவருடைய வாகனம் வங்கி வாசலில்தான் நிற்கும்.

3. விலையை அல்ல, மாதச் செலவை முதலில் தீர்மானியுங்கள்

தவணை, எரிபொருள், முழுக் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், சேவிஸ், டயருக்கென ஒதுக்கும் தொகை ஆகிய ஆறையும் கூட்டினால்தான் ஒரு வாகனத்தின் மாதச் செலவு தெரியும். புதியவர்கள் தவணையோடு நிறுத்திவிடுகிறார்கள். காப்புறுதிக் கட்டணம் வாகனத்தின் பெறுமதியோடு ஏறுவது என்பதனால், விலை கூடிய மாதிரியைத் தெரிவு செய்யும்போது இரண்டு செலவுகள் ஒன்றாகக் கூடுகின்றன.

காசுக்கே வாங்கக்கூடியவரும் இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் வாகனத்தில் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் நகையை அடகு வைப்பதை விட, சிறிய தொகையொன்றைக் குறுகிய காலத்துக்கு லீசிங்கில் வைத்துக்கொள்வது மேல். மறுபக்கத்தில், நிலையான வைப்பிலுள்ள பணத்துக்குக் கிடைக்கும் வட்டியை விட லீசிங் வட்டி அநேகமாக எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே அவசரத் தேவைக்கு ஒரு தொகையை ஒதுக்கிய பின் மிஞ்சுவதை முற்பணமாகக் கட்டுவதே என் பரிந்துரை.

4. லீசிங் ஒப்புதலை வாகனத்துக்கு முன்பே பெறுங்கள்

இந்தப் படியில்தான் அதிகப் பணம் இழக்கப்படுகிறது.

எமது நாட்டில் லீசிங் என்பது மாத வாடகைக்கு எடுத்துப் பின் திருப்பிக் கொடுக்கும் முறை அல்ல. வாகனத்தின் பதிவுச் சான்றாகிய வாகனப் புத்தகத்தில் பதிவு உரிமையாளராக உங்கள் பெயரும், முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயரும் இருக்கும். கடைசித் தவணை முடியும் வரை விற்கவோ மாற்றவோ அவர்களுடைய சம்மதம் வேண்டும். வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடனாகத் தரலாம் என்ற உச்சவரம்பை மத்திய வங்கி விதிக்கிறது. அது அவ்வப்போது மாறும். ஆகவே நண்பர் போன வருடம் கட்டிய முற்பணத்தை நம்பாமல், இந்த வாரத்து நிலையைக் கேளுங்கள். மத்திய வங்கியில் பதிவு பெற்ற நிறுவனமா என்பதையும் அவ்வங்கி வெளியிடும் பட்டியலில் பாருங்கள்.

பிறகு வட்டி. “ஏழு வீதம்தான் அண்ணா” என்று தொலைபேசியில் சொல்வார்கள். அது முழுக் கடன் தொகைக்கும் கடைசி வரை கணிக்கப்படும் நிலை வட்டியா, கட்டக் கட்டக் குறைந்துசெல்லும் மீதிக்கான வட்டியா என்று கேட்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். 60 இலட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்கு 7 வீத நிலை வட்டியில் எடுத்தால், வட்டி 21 இலட்சம், மாதத் தவணை 135,000 ரூபாய். அதே தவணையைக் குறைந்துசெல்லும் மீதி முறையில் கணித்தால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 12.5 வீதம். வேறொரு வங்கி 12 வீதம் என்று நேர்மையாகச் சொன்னால், தவணை ஏறத்தாழ 133,500 ரூபாயாக வரும். காதுக்குப் பெரிதாகக் கேட்ட 12 தான் மலிவானது. வீதங்களை ஒப்பிடாமல், ஒரே தொகைக்கும் ஒரே காலத்துக்கும் எழுத்தில் தரப்பட்ட தவணைகளை ஒப்பிடுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கேள்வி, இடையில் கட்டி முடித்தால் என்ன நடக்கும் என்பது. மேலே சொன்ன 12 வீதக் கடனில் இரண்டு ஆண்டுகள் தவறாமல் கட்டினால் 32 இலட்சம் ரூபாய் கொடுத்திருப்பீர்கள். ஆனால் கடனாக எடுத்த முதல் தொகையில் இன்னும் ஏறத்தாழ 40 இலட்சம் மீதி இருக்கும். ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு கூடுதலாக இருப்பதே காரணம். அந்த 40 இலட்சத்துக்கு மேல் என்ன கட்டணம் அறவிடப்படும் என்பது ஒப்பந்தத்தில் எந்தப் பந்தியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஆவணக் கட்டணம், பிந்திக் கட்டுவதற்கான மேலதிக வட்டி, அவர்கள் சொல்லும் காப்புறுதியைத்தான் எடுக்க வேண்டுமா என்பவற்றையும் அதே மேசையில் கேட்டு முடியுங்கள்.

என் உறவினர் ஒருவர் வாகனத்துக்கு இரண்டு இலட்சம் அச்சாரம் கொடுத்துவிட்டு லீசிங் கம்பனிக்குப் போனார். வாகனத்தின் உற்பத்தி ஆண்டைக் காட்டி, கம்பனியின் மதிப்பீட்டாளர் விற்பனை விலையை விடப் பல இலட்சம் குறைவாகவே பெறுமதி குறித்தார். முற்பணம் அவ்வளவுக்கு ஏறியது. அச்சாரம் திரும்பவில்லை. ஒப்புதல் கடிதம் முதலில், அச்சாரம் பிறகு.

5. எரிபொருள் வகை, பிறகு மாதிரி

மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். பெற்றோல் வாகனம் லீட்டருக்கு 12, ஹைபிரிட் 18 கிலோமீற்றர் ஓடினால், முன்னதற்கு 100 லீட்டரும் பின்னதற்கு 67 லீட்டரும் தேவை. லீட்டர் 300 ரூபாய் என்றால் மாதம் பத்தாயிரம், ஐந்து ஆண்டில் ஆறு இலட்சம் மிச்சம். இரண்டு வாகனங்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் இதை விடக் கூடுதல் என்றால், எரிபொருளுக்காக மட்டும் ஹைபிரிட் வாங்குவதில் பொருளில்லை. உங்கள் சொந்தக் கிலோமீற்றரைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

முழு மின்சார வாகனத்தில் பி.வை.டி. அட்டோ 3 போன்ற ஒன்றின் பெரிய பற்றரியை ஒரு முறை முழுதாக ஏற்ற 60 அலகுக்கு மேல் வேண்டும். வீட்டு மின்கட்டணம் 180 அலகைத் தாண்டியதும் உச்சப் படிக்கு ஏறிவிடும் என்பதால், கூரையில் சூரியக் கலம் இல்லாத வீட்டில் இந்தக் கணக்கு வேறாகிவிடுகிறது. நாளாந்த ஓட்டம் நகருக்குள் என்பவருக்கும், கூரையில் கலம் உள்ளவருக்கும் இது நல்ல தெரிவு. மற்றவர்கள் கொழும்புப் பாதையில் எங்கே மின்னேற்றுவது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

இனி மாதிரிகள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. ஆகவே சந்தையில் பெரும்பாலும் இரண்டு தலைமுறைகள் நிற்கின்றன: 2020க்கு முன் பதிவானவை, புதிதாக வந்திறங்கியவை. ஒன்றை மற்றொன்றோடு விலையால் மட்டும் ஒப்பிடக்கூடாது.

டொயோட்டா ரைஸ் நீளம் 3,995 மில்லிமீற்றர், தரையிலிருந்து இடைவெளி 185 மில்லிமீற்றர். 996 சி.சி. டர்போ பெற்றோல் இயந்திரம் 1,000 சி.சி.க்குள் அடங்குவதால் இறக்குமதி வரியில் அதற்கு அனுகூலம் உண்டு. மத்திய வீதியின் நெருக்கடியில் திருப்பவும் நிறுத்தவும் இலகு. பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் இருந்தால் கந்தளாய் வரும்போதே முணுமுணுப்புக் கேட்கும். அதன் 1.2 லீட்டர் ஹைபிரிட் வகையில் இயந்திரம் மின்சாரத்தை மட்டுமே உற்பத்தி செய்யும், சக்கரத்தை மோட்டார்தான் சுழற்றும். இதனால் நகருக்குள் கிடைக்கும் சிக்கனம் நீண்ட பாதையில் குறைகிறது. ரைஸை உற்பத்தி செய்யும் டைஹட்சு, இந்த ஹைபிரிட் வகையின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததாக 2023 மே மாதத்தில் தானே அறிவித்து விற்பனையை நிறுத்திப் பின்னர் தொடர்ந்தது. வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

யாரிஸ் குறொஸ் ஹைபிரிட் நீளம் 4,180, இடைவெளி 170 மில்லிமீற்றர். நீண்ட ஓட்டத்தில் சிக்கனமும் அமைதியும் இதன் பலம். பின் கதவு சிறியது. முழங்கால் வலியுள்ளவரை ஏற்றி இறக்கிப் பார்த்த பின்பே தீர்மானியுங்கள். இடைவெளி குறைவு என்பது மாரி காலத்தில் மூதூர்ப் பக்கத்து உள்வீதிகளில் தெரியவரும்.

ஹொண்டா வெசல் உள்ளிடத்தில் இவற்றை வெல்கிறது. ஆனால் 2013 முதல் வந்த முதல் தலைமுறை ஹைபிரிட்டில் ஏழு கியர் இரட்டைக் கிளச் அமைப்பு இருக்கிறது. ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் ஏற்றத்தில் அரைகுறையாக நிற்கும்போதும் அது சூடேறும். திருத்தச் செலவும் பெரிது. ஜப்பானில் அதற்குப் பலமுறை மீளழைப்பும் நடந்தது. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தக் கியர்பெட்டி இல்லை. பழையதை வாங்கினால் கிளச் பரிசோதனை தவிர்க்க முடியாதது. புதியதை வாங்கினால் விலைதான் கேள்வி.

இவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுங்கள். நான்கைந்து மாதிரிகளோடு கார் சேலுக்குப் போனால், அன்றைக்கு விற்பனையாளருக்கு எது போக வேண்டுமோ அதுதான் உங்களோடு வரும்.

6. ஏல அறிக்கையை நீங்களே வாசியுங்கள்

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனத்துக்கு ஏல அறிக்கை, அதாவது அங்கு ஏலத்தில் விற்கும்போது வாகனத்தின் நிலையைப் பரிசோதித்து எழுதிய தாள், உண்டு. “தொலைந்துவிட்டது” என்ற பதில் வந்தால், சேசி இலக்கத்தைக் கொண்டு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் விலகுங்கள். மொத்தத் தரம் 4 அல்லது 4.5 என்பது நல்லது. ஆர் என்ற எழுத்து விபத்துக்குப் பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும். வரைபடத்தில் ஏ என்பது கீறல், யூ என்பது நெளிவு, டபிள்யூ என்பது திருத்திப் பூச்சடித்த அடையாளம், எஸ் என்பது துரு, சி என்பது அரிப்பு, இரட்டை எக்ஸ் என்பது மாற்றப்பட்ட பாகம். எழுத்தின் அருகிலுள்ள இலக்கம் கூடினால் சேதமும் கூடும்.

துரு அடையாளத்துக்கு நான் தனிக் கவனம் கொடுப்பேன். பனிப் பிரதேச வீதிகளில் தூவப்படும் உப்பினால் அடிப்பாகம் அரித்துவந்த வாகனத்தை, மீண்டும் உப்புக் காற்று வீசும் உப்புவெளிக்குக் கொண்டுவருவது புண்ணில் வேல் பாய்ச்சுவது போன்றது.

7. நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள், இயந்திரத்தை முன்பே முடுக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கேட்கும் சத்தத்தை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பிறகு, நீரில் நின்ற வாகனங்களும் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம் என்பதை மனதில் வைத்தே பார்க்க வேண்டும். அண்மையில் நாங்கள் பார்த்த ஒரு வாகனத்தில் இருக்கையுறைகள் புதியவை, உள்ளே வாசனைத் திரவியம் மணத்தது. கூட வந்த மெக்கானிக், “தம்பி, பின் பெல்ட்டை முடியும் மட்டும் இழுங்கோ” என்றார். வழமையாக வெளியே வராத கடைசி ஒன்றரை முழத்தில், தேயிலைச் சாயம் போன்ற ஒரு கோடு குறுக்கே ஓடியிருந்தது. அதன் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் மெல்லிய களிமண் தூள் ஒட்டியது. அதன் பிறகு எதையும் பார்க்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். பெல்ட், ஸ்பெயார் சக்கரக் குழியின் மூலை, இருக்கைத் தண்டவாளத்தின் ஆணிகள் ஆகிய மூன்றும் கழுவுபவரின் கைக்கு எட்டாத இடங்கள்.

ஹைபிரிட்டில், பின் இருக்கைப் பகுதியில் பற்றரிக்குக் காற்றுப் போகும் சிறு வழி இருந்தால் அதில் மணலோ தூசியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் பற்றரி நீண்ட காலம் சூட்டில் வேலை செய்திருக்கும். ஸ்கேனரில் பற்றரித் தொகுதிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். வாகனத்தை உயர்த்தி, புகைக்குழாய் இணைப்புகளையும் பிரேக் குழாய்களையும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்பெயார் சக்கரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஜப்பானிய ஹைபிரிட் பலவற்றில் அதற்குப் பதிலாக ஒட்டுத் திரவமும் சிறு காற்றுப் பம்பியும்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அவை உதவா. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், யானைகள் வீதியைக் கடக்கும் இரவு நேரத்தில், இது சிறிய விடயமல்ல. டயர் அளவு திருகோணமலைக் கடைகளில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். 18 அங்குலச் சக்கரம் அழகு, 16 அங்குலம் மலிவு, குழிகளையும் கூடுதலாகத் தாங்கும்.

8. ஓட்டிப் பார்த்தல்

கார் சேல் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. வீட்டார் நால்வரும் ஏறி, ஏ.சி. போட்டு, மூன்று விடயங்களைச் செய்யுங்கள்: ஏற்றம் ஒன்றின் நடுவில் நிறுத்தி மீண்டும் நகர்தல், பத்து நிமிடம் நெரிசலில் ஊர்தல், திறந்த வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்தில் கையைத் தளர்த்தி நேராகப் போகிறதா என்று பார்த்தல். வாகனம் திருகோணமலையிலேயே இருந்தால் உவர்மலை ஏற்றமும் நிலாவெளி வீதியும் இதற்குப் போதும். பழைய வெசலில் நகரும்போது உதறல் தெரிந்தால் விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள்; வேறு வாகனம் பாருங்கள்.

9. பத்திரங்கள், பணம், கையேற்பு

சேசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டபின், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். புத்தகத்தில் பழைய லீசிங் கம்பனியின் பெயர் நீங்காமல் இருந்தால், விடுவிப்புக் கடிதம் வரும் வரை முழுப் பணம் கொடுக்கக்கூடாது.

ஓப்பன் பேப்பரில் வரும் வாகனத்தை, அதாவது முந்திய உரிமையாளர் கையொப்பமிட்ட மாற்றுப் படிவத்தோடு பல கை மாறி வருவதை, மலிவு என்பதற்காக எடுக்காதீர்கள். கையொப்பமிட்டவரைத் தேடிப் பிடிக்க முடியாத நிலை வந்தால், பெயர் மாற்றுவது பெரும் அலைச்சலாகும். விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் புத்தகத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரை நேரில் வரவழைக்க வேண்டும்.

பணத்தை வங்கி மூலமே மாற்றுங்கள். வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்படும் முன்பே முழுக் காப்புறுதி தொடங்கியிருக்க வேண்டும். லீசிங் கம்பனி எப்படியும் அதைக் கேட்கும். பத்திரத்தில் வெள்ளமும் சூறாவளியும் உள்ளடங்குகின்றனவா என்பதை முகவரின் வாய்மொழியாக அல்லாமல் அச்சில் பார்த்துக்கொள்ளுங்கள். எமது கரையில் ஐப்பசி முதல் தை வரை அதற்கான காலம்.

லீசிங்கில் எடுத்தவர்களுக்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது, அது ஐந்தாண்டு கழித்து. கடைசித் தவணை கட்டியதும் கம்பனி தரும் விடுவிப்புக் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிடாமல், அந்த மாதமே திணைக்களத்தில் கொடுத்து, முழு உரிமையாளர் என்ற இடத்திலிருந்து கம்பனியின் பெயரை நீக்கிய புதிய புத்தகத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.